வீட்டு மனையில் பாறை: வெடியா, பிரேக்கரா, கெமிக்கல் தூளா?

கடைக்கால் தோண்ட ஜேசிபி வந்து அரை நாள்கூட ஆகியிருக்காது. மூன்றடி செம்மண், ஓரடி சுக்கான்கல், அப்புறம் பக்கெட்டின் பல் கிரீச்சென்று வழுக்கும் சத்தம். ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டு, "பாறைங்க" என்பார். நாமக்கல், கரூர், சேலம் பக்கம் வீடு கட்டியவர்கள் பலருக்கும் இந்தச் சத்தம் தெரியும். அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரும். "அண்ணா, ரெண்டு வேட்டு வெச்சா முடிஞ்சிருமில்லீங்க?"

நான் கல் குவாரியில் வெடி வைப்பவன். சான்றிதழ் வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்குச் சோறு போடுவது வெடிதான். ஆனாலும் அப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலானவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் வேண்டாம், எப்போது வேண்டும், வேண்டாமென்றால் வேறு என்ன வழி என்பதைப் போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடிவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பாறையை உடைத்தே ஆக வேண்டுமா என்று பாருங்கள். வீடு நிற்க நல்ல பாறையைவிடச் சிறந்த தரை கிடையாது. மனை முழுக்க ஒரே பாறையாக, ஒரே மட்டத்தில் இருந்தால், அதிலேயே துளை போட்டுக் கம்பி ஊன்றி, தூணை அங்கிருந்தே எழுப்பிவிடலாம். பாதி மண், பாதி பாறை என்று இருந்தால்தான் சிக்கல். மண் பக்கம் இறங்கும், பாறைப் பக்கம் இறங்காது, நடுவே சுவர் விரியும். இதை ஒரு சிவில் பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பல நேரங்களில் பாறையை உடைக்கச் சொல்வது வீட்டின் அஸ்திவாரம் அல்ல. தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும்தான். தொட்டியைத் தரைக்கு மேலே கட்டலாம், செப்டிக் டேங்கை மனையின் வேறு மூலைக்கு மாற்றலாம். இதற்கு ஆகும் செலவு வரைபடத்தில் ஒரு கோட்டை அழிப்பது மட்டுமே. பாறையோடு சண்டை போடுவதற்கு முன் அந்தக் கோட்டை அழித்துப் பாருங்கள்.

உடைக்கத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டால், எல்லாரும் முதலில் கேட்பது ரேட். யூனிட்டுக்கு (நூறு கன அடிக்கு) எவ்வளவு, மணிக்கு எவ்வளவு என்று. ரேட்டைக் கடைசியில் கேளுங்கள். பாறையைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பத்தடியில் பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதா, அது மண் வைத்துக் கட்டிய பழைய சுவரா, காங்கிரீட் தூண் வீடா, மேலே மின்கம்பி போகிறதா, தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியா. அதற்கு அடுத்துத்தான் பாறையின் குணம். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் பாருங்கள். காய்வதற்கு முன், ஈரம் கோடு கோடாகத் தங்கும் இடங்கள் தெரிந்தால் அவை இயற்கையான கீறல்கள். கீறல் ஓடிய பாறை தன்னை உடைக்கும் வழியைத் தானே காட்டிவிடும். கோடே தெரியாமல் ஒரே சீராகக் காய்ந்தால், நீங்கள் கடினமான கல்லிடம் மாட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கீறலுள்ள பாறைக்கு என் முதல் பரிந்துரை பிரேக்கர். பொக்லைன் கையில் உளி மாட்டி டக்டக்கென்று குத்துமே, அதுதான். அனுமதி வாங்கும் வேலை இல்லை, கல் பறந்து ஊரைத் தாண்டாது, அதிர்வு பக்கத்திலேயே அடங்கிவிடும். தொல்லை என்றால் சத்தமும் தூசியும்தான். நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டால் அக்கம்பக்கத்தாருக்குத் தலை வலிக்கும். அவர்களிடம் முன்னாடியே சொல்லிவிடுவது மரியாதை. இயந்திரம் மனைக்குள் வர வழி இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள்.

பிரேக்கரில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வாடகை மணிக்கணக்கு. கீறலே இல்லாத கருங்கல்லில் உளி குத்திக் குத்தி வெள்ளைத் தழும்புதான் விழும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் முழு வேலையையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டச் சொல்லி, பெயர்ந்த கல்லை ஒரு பக்கம் குவித்து அளந்து பாருங்கள். அந்த வேகத்தில் மொத்தப் பாறைக்கு எத்தனை மணி ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடலாம். கணக்கு உங்களைப் பயமுறுத்தினால் அடுத்த வழிக்குப் போங்கள்.

அடுத்த வழி தூள். கடையில் சத்தமில்லா வெடி, கெமிக்கல் வெடி என்றெல்லாம் சொல்லி விற்கிறார்கள். இது வெடியே அல்ல. இதன் உயிர் சுட்ட சுண்ணாம்பு. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும்போது பானை கொதித்து உப்புவதை அந்தக் காலத்து ஆட்கள் பார்த்திருப்பார்கள். அதே உப்பலைப் பாறைக்குள் மெதுவாக நடக்க விடுகிறோம். கல்லை நசுக்குவது கஷ்டம். இழுத்துப் பிளப்பது அதில் பத்தில் ஒரு பங்கு பலத்தில் நடந்துவிடும். துளைக்குள் உப்பும் தூள் கல்லை உள்ளிருந்து இழுக்கிறது. மாமல்லபுரத்தில் வரிசையாக ஆப்புக்குழி வெட்டிய பாறைகளை இன்றும் பார்க்கலாம். அதே தந்திரம்தான், ஆப்புக்குப் பதில் சுண்ணாம்பு.

ஒன்றரை அங்குலத் துளைகளை ஓரடி இடைவெளி அளவில் வரிசையாகப் போட்டு, தூளைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றுவார்கள். ஐந்து கிலோ பைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான கணக்கு. கரைத்த சில நிமிஷங்களுக்குள் ஊற்றிவிட வேண்டும். பிறகு ஒரு இரவு காத்திருக்க வேண்டும். காலையில் பார்த்தால் துளைக்குத் துளை கோடு ஓடியிருக்கும். சத்தம், அதிர்வு, பறக்கும் கல் எதுவும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்துவிடும்.

பாதகமும் சொல்லிவிடுகிறேன். செலவு அதிகம், ஏனென்றால் துளை நிறையப் போட வேண்டும், தூளும் மலிவல்ல. பிளந்த கல்லை எடுக்கக் கடப்பாரையோ சின்ன பிரேக்கரோ எப்படியும் வேண்டும். பாறைக்கு ஒரு பக்கமாவது நகர இடம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் இறுகிய பாறையின் நடுவில் குழி எடுக்க இது லேசில் ஒத்துழைக்காது. ரொம்ப முக்கியமானது வெப்பம். வெயில் காலத்துக்கு ஒரு ரகம், குளிர் காலத்துக்கு ஒரு ரகம் என்று பையிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் சுடுகிற பாறையில் குளிர்கால ரகத்தை ஊற்றினால், அது இறுகுவதற்குள் சூடேறித் துளையிலிருந்து பீச்சியடிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. ஊற்றிய துளையைக் குனிந்து எட்டிப்பார்க்கவே கூடாது. வெடி இல்லைதானே என்று பிள்ளைகளை அங்கே விளையாட விடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

ஆப்பு அடித்துக் கல் பிளக்கும் கைவேலைக்காரர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு குண்டுக்கல் மட்டும் என்றால் அவர்களைக் கூப்பிடுங்கள். கல்லின் ஓட்டம் அவர்கள் விரலுக்குத் தெரியும், பிளந்த கல்லும் கட்டுவேலைக்கு ஆகும்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

வெடி எங்கே மற்ற எல்லாவற்றையும் ஜெயிக்கிறது என்றால், பாறை நிறைய, கீறல் குறைவு, சுற்றிலும் ஆள் இல்லாத வெளி. தோட்டத்துக் கிணறு, சாலை வெட்டு, குவாரி. அங்கே பிரேக்கர் மாதக்கணக்கில் திணறும் வேலையை வெடி சில நாளில் முடிக்கும், யூனிட்டுக்கு ஆகும் செலவும் குறையும். தெருவுக்குள் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குழியை மூட மணல் மூட்டை, பழைய கன்வேயர் பெல்ட், கம்பி வலை, தெருவை அடைக்க ஆள், காவல் நிலையத்துக்குத் தகவல், அதிர்வை அளக்கும் கருவி என்று எல்லாம் சேர்ந்தால் மலிவு என்பது போய்விடும். இதெல்லாம் இல்லாமல் மலிவாக வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மிச்சம் பிடிக்கும் காசு உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பாதுகாப்பிலிருந்து வருகிறது.

அதிர்வைப் பற்றி ஊரில் இரண்டு தப்பான நம்பிக்கைகள் உண்டு. உணர்ந்தாலே வீடு விரிந்துவிடும் என்பது ஒன்று, சுவர் விழாதவரை ஒன்றும் ஆகாது என்பது மற்றொன்று. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997இல் போட்ட சுற்றறிக்கை ஒன்று எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். சாதாரணக் குடியிருப்பு வீடுகளில் தரை ஆடும் வேகம், மெதுவான அலையாக, அதாவது 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே (நொடிக்கு எட்டு ஆட்டத்துக்கும் குறைவாக) வந்தால் நொடிக்கு 5 மில்லிமீட்டர். 8 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை 10. அதற்கு மேல் 15. இதைத் தாண்டக்கூடாது. பழமையான நினைவுச்சின்னம் போன்ற நொய்ந்த கட்டிடம் என்றால் எல்லை 2, 5, 10 என்று இறங்கிவிடும். சுரங்கத்துக்கு எழுதிய கணக்கு என்றாலும் மற்ற இடங்களிலும் இதைத்தான் அளவுகோலாக வைக்கிறோம். மனித உடம்பு நொடிக்கு 1 மில்லிமீட்டரையே நன்றாக உணரும். அதனால் எல்லைக்குள் இருக்கும் வெடிக்குக்கூட வீட்டில் இருப்பவர் திடுக்கிட்டு எழுவார், அப்போதுதான் சுவரைப் பார்ப்பார், பத்து வருஷமாக இருக்கும் விரிசல் அன்றைக்குத்தான் கண்ணில் படும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பயம். வேலைக்கு முன்பே அவரையும் கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி வையுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் உடையாது. பிரேக்கர் விட்டாலும் இதைச் செய்யலாம்.

அதிர்வைவிட எனக்குப் பயம் பறக்கும் கல். உதவியாளாக இருந்த காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கிணற்று வேலை. கம்ப்ரசரில் துளை போட்ட பையன் என்னைவிடச் சின்னவன். ஒரு துளையில் பாதி ஆழம் போனதும் துளைக் கம்பியான ராடு சட்டென்று ஒரு முழம் தானாக இறங்கியது. வெள்ளையாக வந்துகொண்டிருந்த புழுதி, இரண்டு மூச்சு நேரம் செம்மஞ்சளாக வந்து, மறுபடி வெள்ளையானது. உள்ளே மண் பட்டை ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். அவன் அதைச் சொல்லவில்லை. நான் பார்த்தேன், அர்த்தம் தெரியவில்லை. வெடி வைப்பவர் மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார், எங்களிடம் கேட்கவில்லை. பாறையைத் தள்ள வேண்டிய பலம் அந்த மண் பட்டை வழியாக வெளியே பீறிட்டது. தேங்காய் அளவுக் கல் ஒன்று தென்னந்தோப்புக்கு மேலே போய், ஓட்டு வீட்டின் கூரையைப் பிளந்து உள்ளே விழுந்தது. விழுந்த இடத்துக்கு இரண்டடி தள்ளித் தூளி தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தையை அதன் ஆத்தா சோறூட்ட வாசலுக்குத் தூக்கி வந்திருந்தார். அந்தத் தூளியின் சேலை நிறம்கூட எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து துளை போடும் ஆளோடு பேசாமல் நான் வெடிமருந்து நிரப்புவதில்லை. எந்தத் துளையில் ராடு இறங்கியது, எங்கே தண்ணீர் வந்தது, எங்கே நிறம் மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். வெடிகாரரை அமர்த்துவதாக இருந்தால், அவர் தோட்டாவை (குச்சி வடிவ வெடிமருந்தை)ப் பற்றி என்ன பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். துளை போடுபவரிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். நீங்கள் காசு கொடுப்பது மருந்துக்கு அல்ல, அந்தக் கேள்விகளுக்கு. அந்தத் துளை போடும் தம்பியின் மூக்கையும் வாயையும் கவனியுங்கள். வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த துளை போட்டால் கருங்கல் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும். வந்தால் மாற்ற மருந்து இல்லை. தண்ணீர் விட்டுத் துளை போடச் சொல்லுங்கள், சரியான முகமூடி வாங்கிக் கொடுங்கள். எங்கள் வேலையில் வெடியைவிட மெதுவாக ஆளைக் கொல்வது இந்தத் தூசிதான். அது செய்தியில் வருவதில்லை.

சட்டத்தில் இதற்கெல்லாம் தெளிவான ஏற்பாடு இருக்கிறது. வெடிபொருள் சட்டம் 1884இலிருந்தே உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பவை 2008ஆம் ஆண்டு விதிகள். நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற மத்திய அரசு அமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. வாங்க, வைத்திருக்க, வண்டியில் கொண்டுவர, வெடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். தோட்டாவும் அதை வெடிக்கத் தூண்டும் கேப்பும் ஒரே பையில் பைக்கில் வருகிறது என்றால் அந்த ஆளை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுங்கள். உங்கள் மனையில் ஒரு ராத்திரி வைத்துக்கொள்ளச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். மிச்சமான மருந்து அன்றைக்கே உரிமம் பெற்ற கிடங்குக்குத் திரும்ப வேண்டும். தமிழ்நாட்டில் குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கே உரிமம் கொடுப்பதில்லை. வீடுகளுக்கு நடுவே வெடி என்பது எவ்வளவு பெரிய விதிவிலக்கு என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எந்த வகை கேப் என்றும் கேளுங்கள். மின்சாரத்தில் வெடிக்கும் பழைய கேப் மின்னலுக்கும் கசியும் மின்சாரத்துக்கும் பயப்பட வேண்டிய சாமான். 2025 ஏப்ரல் 1 முதல் அதைத் தடை செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. நாங்கள் அதற்கு வெகு முன்பே நோனல் குழாய்க்கு மாறிவிட்டோம். அதில் மின்சாரம் ஓடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் அதிர்ச்சி அலை ஓடுகிறது. மருந்து வைத்த குழிகளை மில்லிநொடிக் கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க வைப்பதால் அதிர்வும் ஒரே அடியாக விழாமல் பிரிந்துவிடும். இருந்தாலும் இடி இடித்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆளை விலக்குவதுதான் முறை. ஐப்பசியில் கிணறு வெட்ட நாள் குறிப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணறு என்றால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெடித்த பின் கார்பன் மோனாக்சைடு வாயு கீழே தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, அணையவில்லை என்றால் இறங்கலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். பிராணவாயு குறைந்தால்தான் விளக்கு அணையும். இந்த வாயு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும், இறங்கியவர்தான் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். கம்ப்ரசர் ஹோஸை அடிவரை விட்டுக் காற்று ஓட்டி, வாயு அளக்கும் கருவியை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் இறங்க வேண்டும். வெடிக்காமல் நின்ற குழியைக் கடப்பாரையால் நோண்டுவதோ, பழைய குழியின் அடிப்பாகத்திலேயே மறுபடி துளை போடுவதோ கூடவே கூடாது. அதை வெடி வைத்தவர்தான் வந்து தீர்க்க வேண்டும், எத்தனை மணி ஆனாலும்.

நொய்டாவில் அவ்வளவு பெரிய கட்டிடத்தையே ஒன்பது நொடியில் இறக்கினார்களே, ஒரு பாறைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. 2022 ஆகஸ்ட் 28 அன்று இறங்கிய அந்த இரட்டைக் கோபுரங்களில் உயரமானது 32 மாடி, மருந்து சுமார் 3,700 கிலோ, பக்கத்துக் குடியிருப்பு ஒன்பது மீட்டரில். எல்லாரும் பார்த்த ஒன்பது நொடிக்கு முன்னால் மாதக்கணக்கில் தூண்களில் 9,000க்கும் மேற்பட்ட துளைகள் போடப்பட்டிருந்தன. கம்பி வலையும் துணியும் சுற்றப்பட்டிருந்தன. சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் காலி செய்யப்பட்டிருந்தனர். நம் ஊரில் 2014இல் இடிந்து விழுந்து 61 பேரைப் பலிகொண்ட மௌலிவாக்கம் கட்டிடத்தின் ஜோடி 11 மாடியை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்து இறக்கினார்கள். ஆனால் 2017இல் தி.நகரில் தீப்பிடித்த ஜவுளிக்கடையை இயந்திரத்தால்தான் இடித்தார்கள். தீயில் வெந்த தூண்களுக்கு நடுவே ஆளை அனுப்பித் துளை போடச் சொல்ல எனக்கும் மனசு வராது. அந்த வேலையிலும் இடிபாடு விழுந்து இயந்திர ஓட்டுநர் ஒருவர் இறந்துபோனார். இயந்திரம் என்றால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போன மாசி மாதம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் கூப்பிட்டார். கீழ்நிலைத் தொட்டிக்குக் குழி எடுக்கும் இடத்தில் பாறை. அதிலிருந்து ஆறடியில் மண் வைத்துக் கட்டிய பழைய வீடு, அதில் தனியாக ஒரு பாட்டி. தொட்டியை மாற்ற இடமில்லை. வெடி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்றேன். வெறும் பிரேக்கர் என்றாலும் அந்தச் சுவர் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் இரண்டையும் கலந்தோம். பாட்டி வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு வரிசைத் துளை போட்டுத் தூள் ஊற்றினோம். அந்தக் கோட்டில் பாறை பிளந்துவிட்டால், பிறகு இந்தப் பக்கம் பிரேக்கர் குத்தும் அதிர்வு பிளவைத் தாண்டி அந்தப் பக்கம் அதிகம் போகாது. செலவு ஆசிரியர் நினைத்ததைவிடக் கூடத்தான் ஆனது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். ஏழாவது துளையிலிருந்து எட்டாவதுக்கு விரல் நுழையும் அளவு கோடு ஓடியிருந்தது. பாட்டி வேலியோரம் நின்று எட்டிப்பார்த்தார். "ராத்திரி என்னமோ வெக்கறேன்னீங்களே சாமி, வெச்சீங்களா? சத்தமே கேக்கலியே" என்றார். அவர் வீட்டுச் சுவரைப் போய்ப் பார்த்தேன். விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு அப்படியே இருந்தது. பத்து மணிக்கு பிரேக்கரை வரச் சொன்னேன்.